கப்பல் படத்து லில்லி கொழும்புக்குப் போனாள்

உலக மகாயுத்தம் முடிந்த மறுவருடம் நான் கொழும்புக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரில் ஐந்து நாள் மேடையேறி ஜனங்களிடம் திட்டு வாங்க வேண்டும். அதுதான் வேலை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. 'ரசிகர்களைச் சந்தித்தல்' என்றுதான் இருந்தது.

நான் நடித்த கப்பல் படம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ரங்கூனிலிருந்து சென்னைக்கு அகதிகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல். அதில் லில்லி என்று ஒரு நடனக்காரி. பகலெல்லாம் பயணிகளோடு சிரித்துப் பழகிவிட்டு, இருட்டியதும் மேல்தளத்தில் நின்று கைவிளக்கால் எதிரியின் நீர்மூழ்கிக்குச் சைகை காட்டுவாள். கடைசியில் கப்பல் மூழ்கும், லில்லியும் மூழ்குவாள். கதாநாயகனும் கதாநாயகியும் மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு, தலைகூடக் கலையாமல் கரை சேருவார்கள். அந்த லில்லி நான்தான்.

கொழும்புக்காரர்கள் கேட்டது கதாநாயகியைத்தான். அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி, இரண்டு கன்னமும் பூசணிக்காயாக உப்பிவிட்டது. முதலாளி அலுவலகத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "நீ போயிட்டு வாயேன்" என்றார்.

மூன்று மாதம் ஸ்டூடியோவில் கப்பலிலேயே குடியிருந்தவள் நான். ஆனால் அந்தக் கப்பல் ஆடாது. காமிராவைத்தான் ஆட்டுவார்கள். நிஜக் கப்பலில் தலைமன்னார் வருவதற்குள் நாலு தடவை வாந்தி எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "முதல் தடவையா கப்பல்ல வர்றே?" என்று பரிவாகக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்தாவது தடவையும் ஆயிற்று.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் தியேட்டர் மேனேஜர் அந்தோனிப்பிள்ளை வெள்ளைக் கோட்டும் குடையுமாக நின்றிருந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டவர், குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ஒரு சின்ன மேட்டர். உங்கள வெள்ளவத்தையில ஒரு நல்ல ஃபேமிலிகிட்ட தங்க வச்சிருக்கிறன். அவங்களுக்கு சினிமாக்காரங்க எண்டா சரிவராது. சங்கீத டீச்சர் எண்டு சொல்லியிருக்கிறன்."

"யாரை?"

"உங்களத்தான். ஆறு நாள்தானே மிஸ், சமாளிச்சுக்கொள்ளுங்க. படத்துல எவ்வளவு கெட்டிக்காரி நீங்க!"

வெள்ளவத்தை வீடு கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில் இருந்தது. வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரி, வாட்டசாட்டமான உடம்பு. அவளுடைய கணவர் அரசாங்க கிளார்க். காலையில் ஏழு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு போனால் மாலையில் வந்து பேப்பருக்குப் பின்னால் மறைந்துவிடுவார். ஆறு நாளில் அவருடைய முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை.

"வாரும் பிள்ளை. களைச்சுப்போய் வந்திருக்கிறீர். முதல் சாப்பிடும், பிறகு கதைப்பம்" என்றாள் அக்கா.

இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சிவக்கச் சிவக்க ஒரு சம்பல். நம் ஊரில் இடியாப்பத்தை நொடித்துப்போன சொந்தக்காரரைப்போல மூலையில் உட்கார வைத்து, சர்க்கரையும் தேங்காயும் தூவி முடித்துவிடுவோம். இங்கே அதற்கு ராஜ மரியாதை. சண்டைக்காலத்துக் கூப்பன் முறை இன்னும் ஒழியவில்லை, அரிசி அளந்துதான் கிடைக்கும், அதனால் இரவுக்குப் பாண். பாண் என்றதும் நான் வெற்றிலைபாக்கு என்று நினைத்துத் தாம்பாளத்தைத் தேடினேன். வந்தது ரொட்டி. அதையும் அந்தச் சம்பலோடு அரை ராத்தல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா வெட்கத்தோடு கேட்டாள். "எனக்குக் கொஞ்சம் பாட்டுச் சொல்லித் தருவீரோ? சின்னனிலையிருந்து ஆசை. இவர் சிரிப்பார் எண்டு கேக்கேல்லை."

பேப்பருக்குப் பின்னால் இருந்து சத்தமே இல்லை.

நான் நாடகக் கம்பெனியில் எட்டு வயதிலிருந்து பாடியவள். அதனால் அதில் பொய்யில்லை. மறுநாள் காலையிலேயே தொடங்கினோம். அக்காவின் குரல் பெரிய குரல். கடலைத் தாண்டிக் கேட்கும். ஆனால் சுருதியைவிட்டு அரைப்படி மேலேயே நிற்கும். "கொஞ்சம் கீழே வாங்க அக்கா" என்றால் குனிவாளே தவிர, குரல் இறங்காது.

இரண்டாம் நாள் பகல் ரயிலில் கோட்டைக்குப் போனேன். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கடல். பம்பலப்பிட்டியில் ஒரு அலை வந்து பாறையில் மோதி ஜன்னல் வழியாக என் பட்டுச் சேலையை நனைத்துவிட்டுப் போனது. எதிரே இருந்த இரண்டு சிங்களப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்தார்: "ஜன்னலோர இடம் எப்படிக் காலியாக இருக்கிறதென்று இவள் யோசிக்கவேயில்லையே." அப்புறம் அவர்களே தங்கள் கைக்குட்டைகளைக் கொடுத்தார்கள். கோட்டையிலிருந்து டிராம். வழியில் அதன் கம்பு மேலே இருந்த கம்பியைவிட்டு நழுவி, வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி இளநீர் குடித்தார்கள். கண்டக்டர் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கம்பைப் பொருத்தியபின் திரும்ப ஏறிக்கொண்டார்கள். யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்குப் பக்கம். கோயில் மணியும் மாதா கோயில் மணியும் மாறி மாறிக் கேட்கும். தியேட்டரில் பாதிப்பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள். படம் முடிந்து நான் மேடையில் வந்து கும்பிட்டதும் ஒரு ஊளை கிளம்பிற்று பாருங்கள்! ஆரஞ்சுத் தோல் பறந்து வந்தது. "விளக்கக் காட்டினவ இவதான்டா!" என்று ஒருவன் கத்தினான். அந்தோனிப்பிள்ளை திரைக்குப் பின்னால் கை தட்டிக் குதித்தார். "சூப்பர் மிஸ்! நாளைக்கு ஹவுஸ் ஃபுல்!"

மூன்றாம் நாள் டிராமைவிட்டு இறங்கி ரிக்‌ஷாவில் ஏறினேன். இழுத்தவர் நம் பக்கத்து ஆள், திருச்சிப் பேச்சு. கொஞ்ச தூரம் நன்றாக ஓடினார். ஒரு முனையில் திரும்பும்போது என் முகத்தைப் பார்த்தவர், நடுத்தெருவில் வண்டியை இறக்கி வைத்துவிட்டார்.

"எறங்கிக்கங்கம்மா."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நீங்க லில்லியில்ல?"

"அது படம்தானே ஐயா. நான் நடிச்சேன்."

"தெரியுதும்மா. எனக்குத் தெரியுது." தன் கால்களைக் காட்டினார். "இதுங்களுக்குத் தெரியமாட்டேங்குது. ஓட மாட்டேங்குது."

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. மீதி வழியைப் பட்டுச் சேலையில், உச்சி வெயிலில் நடந்தேன். இத்தனை வருடம் நடித்ததில் இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு முள் தைத்தது. ஊர் முழுக்க ஒருத்தியை வெறுக்கிறது, அவளுடைய முகம் என் முகம்.

நான்காம் நாள் காலையில் பாட்டு முடிந்ததும் அக்கா உற்சாகமாகச் சொன்னாள். "பிள்ளை, இண்டைக்குக் கொட்டாஞ்சேனையிலை பொம்பிளையளுக்கு மட்டும் ஒரு காட்சி. பக்கத்து வீட்டு ஆக்களும் நானும் போறம். ஏதோ கப்பல் படமாம். இவருக்குச் சொல்லிப்போடாதையும்."

அவள் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல். அவள் சமையலறையில் சொதியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அக்கா, உங்களோடு கொஞ்சம் பேசணும்."

அகப்பையை நிறுத்தினாள். "ஏன் பிள்ளை? நான் என்ன பிழை விட்டனான்? ஏன் என்னைப் பேசப் போறீர்?"

அவர்கள் ஊரில் பேசுவதென்றால் திட்டுவது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. "திட்ட இல்லை அக்கா. கதைக்க வேணும்."

"அப்ப கதையும்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் டீச்சர் இல்லை, நடிகை. அந்தக் கப்பல் படத்தில் வரும் வேவுகாரி நான்தான். அந்தோனிப்பிள்ளை சொன்னபடி பொய் சொல்லித் தங்கியிருக்கிறேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சொதியையே பார்த்தாள். "அப்ப அந்தச் சங்கீதம்?"

"அது மெய்தான் அக்கா. சின்ன வயதிலிருந்து பாடுகிறேன்."

"நாலு நாளாய் என்ர கையாலை சாப்பிட்டனீர்" என்றாள்.  அதுவே போதுமாக இருந்தது.

"பெட்டியைக் கட்டட்டுமா அக்கா?"

"சொதி திரையப்போகுது. தள்ளி நில்லும்."

 மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரோடு படியிறங்கிப் போனாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். நான் வேறு ரயிலில் போனேன்.

தியேட்டரில் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் காட்சியென்றால் ஆண்கள் காட்சியைப்போல ஊளையிடல் இல்லை. வாய்விட்டுத் திட்டுவார்கள், அதுவும் குடும்பத்தோடு சேர்த்து. லில்லி விளக்கை எடுத்ததும் கூடமே கொதித்தது. அத்தனை குரலுக்கும் மேலே, அரைப்படி உயரத்தில், ஒரு குரல் எழுந்தது.

"அடியே பாவி! நாசமாய்ப் போவாய்! அணையடி விளக்கை!"

மூன்று நாளாகக் கீழே வரச்சொல்லி நான் கெஞ்சிய குரல்.  வீட்டுக்குப் போகும்போது பெட்டி வாசலில் கிடக்கும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

படம் முடிந்து மேடைக்குப் போனேன். வழக்கம்போலக் கும்பிட்டு, எழுதி வைத்திருந்த நாலு வரியைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

அந்தோனிப்பிள்ளை ஓடி வந்தார். "இது படம் அம்மா, இருங்க, இருங்க."

"படம் எண்டு எனக்குத் தெரியாதா? அவங்கட வாயால சொல்லட்டும். அவ்வளவு சனத்தையும் கடலுக்குக் குடுத்தாங்களே, எதுக்கு? சல்லிக்கா?"

 அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நான் டைரக்டரிடம் ஒரு தடவை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். "நீ கெட்டவ, அதான் செய்யறே" என்றார். அதை இவளிடம் சொல்ல முடியாது.

"சல்லிக்கு இல்லை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு ஒரு தம்பி. அவன் ரங்கூனில் எதிரியின் சிறையில் இருக்கிறான். நான் விளக்குக் காட்டுகிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு நாள் சோறு போடுவார்கள். காட்டாத நாள் அவனுக்குக் கடைசி நாள். கப்பலில் இருந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவனை நான் தூக்கி வளர்த்தேன்."

எனக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது.

 எங்கிருந்தோ ஒரு கிழவி கேட்டாள், "அந்தப் பெடியன் என்னானான் மகள்?"

"தெரியாது அம்மா. கப்பலோடு நானும் போய்விட்டேனே."

வரிசை வரிசையாக 'உச்சு' கொட்டினார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சற்றுமுன் என் ஏழு தலைமுறையையும் இழுத்தவர்கள்! கேள்வி கேட்டவள் மட்டும் அழவில்லை. என்னை உற்றுப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது வாசலில் பெட்டி இல்லை. உள்ளே எனக்கு இலை போட்டிருந்தது. பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஏசினது கேட்டதோ?"

"கேட்டது அக்கா."

"சுருதி சேர்ந்ததோ?"

நான் சிரித்ததில் பிட்டு புரையேறிவிட்டது. அவள் தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. "பக்கத்து வீட்டு ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன், அவ எங்கட வீட்டிலைதான் நிக்கிறா எண்டு. நாளைக்கு எல்லாரும் வருவினம். ஆனால் பிள்ளை, இனி என்னட்டைப் பொய் சொல்லப்படாது." பேப்பருக்குப் பின்னால் முதல்முறையாக ஒரு செருமல் கேட்டது.

ஐந்தாம் நாள் தியேட்டர் வாசலில் அந்த மெலிந்த பெண் காத்திருந்தாள். பெயர் றோசலின். "எங்கட வீட்டுக்குச் சாப்பிட வாங்க மிஸ்" என்றாள். என்னோடு அக்காவும் வந்திருந்தாள், இனி என்னைத் தனியே விடுவதில்லை என்று முடிவு செய்தவள்போல. மூவரும் சந்து சந்தாக நடந்தோம்.

ஒற்றை அறை வீடு. அவளுடைய கணவர் சேவியர் எழுந்து நின்று வரவேற்றார். பெரிய தோள்கள், மெதுவான பேச்சு. சண்டைக்காலத்தில் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். கப்பலை நீர்மூழ்கி அடித்துவிட்டது. எட்டு நாள் படகில் கிடந்திருக்கிறார். இங்கே றோசலினுக்கு அவர் செத்துவிட்டதாகத் தந்தி வந்து, அவள் அவருடைய ஆத்மசாந்திக்காக மாதா கோயிலில் பூசையும் வைத்துவிட்டாள்.

"நான் வீட்டுக்கு வந்தப்ப இவ கதவத் திறந்து பாத்திட்டு, திரும்பச் சாத்திட்டா" என்றார் சேவியர். "எனக்கு வச்ச பூசைக்கு நானே போகக் கிடைக்கேல்ல எண்டு ஒரு கவலைதான்."

எல்லோரும் சிரித்தோம். மீன் கறி கொண்டுவந்து வைத்த றோசலின் சிரிக்கவில்லை. அவர் கை கழுவப் போனபோது தாழ்ந்த குரலில் சொன்னாள். "இப்படிக் கதைப்பார். ஆனா இன்னும் இருந்துகொண்டுதான் தூங்குவார் மிஸ், படுக்க மாட்டார். கடல் தெரியிற ரோட்டால போக மாட்டார். இப்ப அரிசிக் கடையில வேலை. அதுக்கும் சுத்திப் போறார்."

அவர் திரும்பி வந்ததும், என் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "உங்கள் கப்பலை யாராவது காட்டிக்கொடுத்தார்களா?"

"ஒருத்தரும் இல்ல மிஸ். வந்தான், கண்டான், அடிச்சான். அவ்வளவுதான்."

"அதுதான்" என்றாள் றோசலின், மீன் துண்டை என் தட்டில் வைத்தபடி. "அதுதான் எனக்குத் தாங்க ஏலாது. ஒரு காரணமும் இல்ல. யாரிட்டப் போய்க் கேக்கிற? நேத்து அந்தப் படத்துல உங்களக் கண்டதும், சரி, இவகிட்டயாவது கேப்பம் எண்டு எழும்பிட்டேன்."

தட்டிலிருந்து கையை எடுத்தேன். "றோசலின், அந்தத் தம்பிக் கதை நான் அங்கேயே நின்று கட்டியது. படத்தில் அப்படி எதுவும் இல்லை."

"தெரியும் மிஸ்."

"தெரியுமா?"

"நீங்க யோசிச்சு யோசிச்சுத்தானே சொன்னீங்க. பரவாயில்ல. ஒராள் நிண்டு பதில் சொன்னீங்களே, அது காணும், எனக்கு அது போதும்."

பரமேஸ்வரி அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு நான், ஏன் கேட்டேனென்று தெரியாமலே, சேவியரைப் பார்த்துக் கேட்டேன்: "நாளைக்குக் கடைசிக் காட்சி. எங்கள் கப்பல் மூழ்குவதைப் பார்க்க வருகிறீர்களா?"

றோசலின் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மாட்டினிக் காட்சி. அன்று மாலை ரயிலில் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். பக்கவாட்டுக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். விளக்கு அணைந்தபிறகு இருவரும் வந்தார்கள். சேவியர் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போக வசதியாக. நாற்காலிக் கைகளைப் பிடித்தபடி இருந்தார். நீர்மூழ்கி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். நான் செய்தது பெரிய தப்பு என்று நினைத்தேன். ஓடிப்போய், வெளியே வாருங்கள் என்று கூப்பிடலாமா என்றுகூட ஒரு அடி எடுத்து வைத்தேன்.

வெடிச் சத்தம். ஜனங்களின் ஓலம். கப்பல் சாய ஆரம்பித்தது. எங்கள் டைரக்டர் ஒரு வாரம் ராப்பகலாக எடுத்த காட்சி அது. கை நீளத்துக்கு ஒரு மரக் கப்பல், ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, தண்ணீருக்குள் இருந்து கயிற்றை இழுக்க இரண்டு ஆள். அந்தக் கப்பல் லேசில் மூழ்காது, தக்கையாக மேலே வந்துவிடும். கடைசியில் உள்ளே ஒரு அம்மிக் குழவியை வைத்துத்தான் மூழ்கடித்தார்கள். கூடத்தில் பெண்கள் அழுதார்கள். சேவியர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். திரையையே பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். முன்னால் சாய்ந்தார்.

"றோஸ்" என்றார். கூடத்துக்கே கேட்டது. "அங்க பாரு, கப்பலுக்குப் பக்கத்துல! தவளை!"

அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஒரு நாளும் அதை நான் கண்டதில்லை. மூழ்கும் கப்பலின் முன்பக்கத்தில், அதில் பாதி உயரத்துக்கு, ஒரு தவளை நிதானமாகக் காலை விரித்து நீந்திப் போய்க்கொண்டிருந்தது. யாரோ முன்வரிசையில் சிரித்தார்கள். அடுத்த நொடி காலரி முழுக்கச் சிரிப்பு. "தவளைடோய்! ஏறிக்கொள்ளுங்கடா அதுல!" சேவியருக்குத் தோள்கள் குலுங்கின. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"கண்டியா? கண்டியா றோஸ்?"

"ஓம், ஓம், தெரியுது" என்றாள் அவள். திரையை அவள் பார்க்கவேயில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.